தட்டும் கவரும்

எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் பலகாரம் இரண்டு விதமாகப் போகும். சில வீடுகளுக்குத் தட்டில், சில வீடுகளுக்குப் பிளாஸ்டிக் கவரில். தட்டு போன வீட்டில் அதை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத் தருவார்கள். கவர் போன வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வராது. திரும்பி வரக் கூடாது என்பதற்காகத்தான் கவர். பொம்மிடிப் பக்கத்தில் எங்கள் கோயிலில் எல்லாச் சாதியும் ஒரே வரிசையில் நின்றுதான் நற்கருணை வாங்குகிறோம். ஆண்டவருக்கு ஒரு சட்டம், அதிரசத்துக்கு வேறு சட்டம்.

அந்தச் சட்டத்தில் என் அம்மா கெட்டிக்காரி. எந்த வீட்டுக்கு எது என்று அவள் யோசித்து நான் பார்த்ததே இல்லை. கஞ்சத்தனம் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கவரிலும் ஒரு முறுக்கு கூடுதலாகவே வைப்பாள். “நம்மகிட்ட இருக்குது, குடுக்கறோம். இதுல என்னடி தப்பு?” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கிறிஸ்மஸுக்குச் சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா என் பங்கையும் சேர்த்துக் கவரில் போட்டாள்.

என் மகள் பிறப்பதற்கு முன்பே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். குழந்தையைக் கையில் வாங்கியபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கருமம் என்னோடு முடியட்டும், இவளிடம் போகக் கூடாது. அதற்காகவே பலகாரம் கொடுப்பதை நிறுத்தினேன். பேக்கரி கேக்கை வாங்கி வீட்டுக்குள்ளேயே வெட்டிச் சாப்பிட்டோம். மகளுக்குத் தட்டும் தெரியாது, கவரும் தெரியாது.

போன கிறிஸ்மஸுக்கு, பலகாரம் சுட்டுக் கொடுக்கலாம் என்று அவளே ஆசைப்பட்டுக் கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை கேட்கிறாளே என்று முறுக்கும் அதிரசமும் சுட்டேன். முந்தின இரவுப் பூசை முடிந்து வந்த ஊர் காலையில் அசந்து தூங்கியது. வாசல் நட்சத்திரங்களில் வெயிலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் குடிலில் சீரியல் செட் விளக்குகளின் மெட்டு கரகரத்துப்போய் ஒரே இடத்தில் சுற்றியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

தரையில் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலது பக்கம் தட்டுகள், இடது பக்கம் கவர்கள்.

“எது யாருக்குடி?”

விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. குனிந்து ஒரு கவரைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு முறுக்கு கூடுதலாக இருந்தது. மற்ற கவர்களிலும் அப்படியே.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லலம்மா” என்றாள். இதைப் போய்க் கேட்கிறாயே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். சட்டியைத்தான் நான் கழுவிக் கவிழ்த்துவிட்டேனே!

ஒரு கவரை எடுத்து, வீட்டில் இருந்ததிலேயே நல்ல தட்டில் கொட்டினேன். “வா” என்று மகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரி கோயிலில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை.

கூப்பிட்டதும் அந்த வீட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உள்ளே போனாள். ஒரு கேரி பேக்கோடு வந்து, அதன் வாயை இரண்டு கையாலும் விரித்து, கையை முழுக்க நீட்டித் தள்ளி நின்றாள். என் மகள் என் கையிலிருந்த தட்டை வாங்கினாள். உயரத் தூக்கிச் சரித்தாள். தட்டு கவரில் படவில்லை. ஒரு துண்டுகூட வெளியே சிந்தவில்லை. பெஞ்சில் ஓயாமல் பேசுகிற இரண்டும் அப்போது ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

“தட்டோட வாங்கிக்க கண்ணு” என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அந்தப் பிள்ளை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “தட்டெல்லாம் வேணாங்க. இதே போதுங்க” என்றாள். பாடம் ஒப்பித்து முடித்த பிள்ளையைத் தடவுவதுபோலத் தன் மகளின் தலையைத் தடவினாள். தன் பிள்ளை நீட்டும் கையைப் பார்த்து யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது என்று அவளும் ஒரு வேண்டுதல் வைத்திருப்பாள் போல. வெட்கத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது. இரண்டு வீட்டிலும் பாடம் முடிந்துவிட்டிருந்தது.

திரும்பி வரும்போது மகள் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெளிக் குழாயில் உட்கார்ந்து தட்டைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

“அத யாருமே தொடலையேடி. எதுக்குக் கழுவற?”

“நீ கழுவுவியேம்மா.”

“நான் எப்ப கழுவுனேன்?”

தட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். “கையக் காட்டும்மா” என்றாள்.

எப்போது கழுவினேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். என் இரண்டு கைகளும் தண்ணீருக்குக் கீழே இருந்தன.