இருபத்தாறு நாள்

சுப்பம்மாவுக்கு உணவு முத்திரை கிடைக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் நான். மீதி அவளுடைய ரோசம்.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, கனகராயன்குளத்துக்கு உள்ளே எங்கள் குடியேற்றத்தின் கடைசிக் காணியில் கொட்டில் போட்டவள் அவள். வந்த வருடமே கணவனை மலேரியா கொண்டுபோய்விட்டது. இரண்டு பெண்பிள்ளைகள். யாராவது கூப்பிட்டால் களை பிடுங்குவாள், மிளகாய் ஆய்வாள். கூப்பிடாவிட்டால் அடுப்பில் பூனை தூங்கும்.

எழுபத்தொன்பதில் எல்லாருக்கும் கிடைத்த கூப்பன் அரிசியை நிறுத்தி, வருமானம் இல்லாதவர்களுக்கு மட்டும் அரிசி வாங்க உணவு முத்திரை என்றார்கள். நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். படிவம் நிரப்ப ஊரே என்னிடம் வந்தது. உழவு மெசின் வைத்திருக்கிற ஏரம்பரும் வந்தார்.

"வருமானமோ தம்பி? கஞ்சிக்கே வழியில்லை" என்று கண்ணைக் கசக்கினார். அவர் வாய் கூசாமல் சொன்னார். நானும் கை கூசாமல் எழுதினேன்.

அடுத்து சுப்பம்மா. "மாசத்திலை எத்தினை நாள் வேலை, பிள்ளை?" என்று கேட்டேன்.

முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "இருவத்தாறு நாளுங்கய்யா. ஒரு நாள் தவறாது."

பத்து நாள் கிடைத்தாலே அதிசயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வரிசை நீளமாக நின்றது. எழுதிவிட்டேன்.

ஏரம்பருக்கு முத்திரை வந்தது. சுப்பம்மா வெறும் பையோடு கடைவாசலில் நின்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"தோட்டத்துல வேலைக்குப் போன நாளப் பாத்துத்தானுங்க அரிசி போடுவாங்க. நாள் கொறஞ்சா சோம்பேறின்னு கணக்கப்புள்ள ஏசுவாரு. இங்க கொறச்சுச் சொன்னாத்தான் அரிசின்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

இல்லாதவர்களுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அழத் தெரிந்தவனுக்கு முதல் பங்கு என்று எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! கொட்டிலை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

முத்திரை கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு அவளைக் கூட்டிப்போனேன். பத்து என்று சொல்ல வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தேன். அதிகாரி புதுப் படிவத்தை எடுத்தார்.

"எத்தினை நாள் வேலை?"

அவள் தலை குனிந்தாள். "பத்து நாளுங்கய்யா."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் எழுதிவிட்டுப் படிவத்தையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார். அவள் விரலை நீட்டவில்லை.

"மத்த பதினாறு நாளும் நான் சும்மா இருக்கலிங்கய்யா. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வேல கேட்டு நடந்தேன். அதயும் எழுதுங்க."

"அதுக்கு இதிலை இடமில்லை."

நான் அவர் மேசையிலிருந்த பேனையையே எடுத்து, படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். அவர் முறைத்தார், தடுக்கவில்லை. வாசிக்கத் தெரியாத சுப்பம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதிட்டீங்களா?"

"ஓம், எழுதிப்போட்டன்."

அதற்குப் பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தாள்.