எட்டு மீனும் எக்ஸ்ரேயும்

துணிக்கடையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். போட்டுப் பார்க்கும் அறையின் வாசலில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். ஐந்து உருப்படி உள்ளே போனால் ஐந்தும் வெளியே வந்தாக வேண்டும். சட்டைக்குள் சட்டை போட்டுக்கொண்டு வருபவரை நடையை வைத்தே பிடித்துவிடுவார். அந்தக் கண்ணைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் வீடு நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் அதையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மருமகள் வந்த முதல் வாரம், கடைக்குப் போய்த் திரும்பியவளிடம், "பையில என்னம்மா?" என்று கேட்டுத் தொலைத்தார். வாய்ப் பழக்கம்தான். அவள் பையை விரித்துக் காட்டிவிட்டு அறைக்குள் போனாள். மூன்று மாதமாகியும் அவர் இருக்கும் நேரத்தில் கூடத்துக்கு வருவதில்லை. மகன் தனி வீடு பார்க்கத் தொடங்கியிருந்தான். இருப்பதோ ஒரே பிள்ளை. எக்ஸ்ரேவுக்கு உள்ளுக்குள் உதறல்.

அவள் பிறந்த வீட்டில் மீன் தொட்டி உண்டு என்று கேள்விப்பட்டு, ஒரு தொட்டியும் எட்டு மீனும் வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். மீனைப் பார்க்கவாவது வரமாட்டாளா என்ற நப்பாசை. மீன்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்.

"ரொம்பக் கூச்சப்படற ரகம் சார். பையோட அரை மணி நேரம் தண்ணியில மிதக்க விட்டுட்டு அப்புறம் திறந்து விடுங்க. லைட் போடாதீங்க. ரெண்டு வாரம் ஒளிஞ்சுதான் இருக்கும். கிட்டப் போய் நின்னு பாக்காதீங்க."

பார்க்காதே என்று ஒருவர் சொன்னால் எக்ஸ்ரேவுக்கு அங்கேதான் சந்தேகம் பிறக்கும். மறுநாள் எண்ணினார். ஐந்துதான் தெரிந்தது. "மூணை அமுக்கிட்டான் பாத்தியா!" என்று குதித்தார். செடிகளைப் பிடுங்கி, கற்களை எடுத்து, விளக்கையும் போட்டார். தொட்டி மொட்டையாக நின்றது. எட்டும் இருந்தன. வடிகட்டிக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நிறம் வெளுத்துப்போய். எண்ணிக்கை சரியாகிவிட்டது. மீன்கள்தான் அதற்குப் பிறகு நான்கு நாளாகத் தீனியைத் தொடவில்லை.

"ஒரு சட்டியாவது கவுத்து வைங்களேன், ஒளிஞ்சுக்கட்டும்," என்றாள் மனைவி.

"மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில எதுக்குப் பயம்?"

"மீனுக்கு ஏதுங்க மடி?"

ஐந்தாம் நாள் மாலை மீன்களுக்கு நிறம் திரும்பியிருந்தது. வேறொருவர் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார். இவர் குனிந்து பார்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில் ஈரம். மணலில் வட்டமாக ஒரு தடம். மீன்களின் வயிறெல்லாம் தீனி தின்று உப்பியிருந்தது. தான் இல்லாத நேரத்தில் ஏதோ உள்ளே போய் வெளியே வருகிறது. யார் வேலை என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை; சட்டி கவிழ்க்கச் சொன்னவள் மனைவிதானே. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் தலைவலி என்று பொய் சொல்லிக் கடையிலிருந்து கிளம்பி, செருப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டு, பூனைபோல் சமையலறைக்குள் வந்து நின்றார்.

கூடத்தில் விளக்கு இல்லை. தொட்டியின் பாதியைப் பழைய துண்டு ஒன்று மூடியிருந்தது. உள்ளே விளிம்பு உடைந்த மண்சட்டி கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் அவர் பிடுங்கிப் போட்ட செடிகள், கல்லில் நூலால் கட்டி இறக்கப்பட்டிருந்தன. மருமகள் தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, மனைவி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏழு வந்தாச்சு அத்தை. ஒண்ணு மட்டும் இன்னும் பயப்படுது." மருமகள் சட்டியின் வாசலில் ஒரு துளி தீனியைப் போட்டாள். "வா கண்ணு, பயப்படாத. மாமா கடைக்குப் போயிட்டாரு. ஆறு மணி வரைக்கும் நம்ம ராஜ்யம்தான்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. எட்டாவது மீனும் மெல்ல வெளியே வந்தது.

தொண்டை வரை வந்திருந்த அதட்டலை அவர் விழுங்கினார். மருமகள் கூடத்துக்கு வர வேண்டும், சிரித்துப் பேச வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டார்? எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அவர் இல்லாதபோது. பின்வாசலுக்கு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினார். ஆறு மணியாக இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.