செல்வியைப் பார்க்க ஆபீசர் வந்த நாள்

நான்கு வயதுப் பிள்ளையை நாங்கள் ஏலக்காய் பொறுக்க வைத்துக் கொடுமைப்படுத்துகிறோமாம். இப்படி ஒரு மொட்டைக் கடிதம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. எண்பத்திரண்டாம் வருடம் ஐப்பசி மாதம் அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு அடுப்பு மூட்டக்கூடக் கை வரவில்லை. இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

காளியம்மனை நம்பும் சகோதரிகளே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த புருஷனும் பெண்சாதியும் மண் சரிந்து இறந்துபோனார்கள். அவர்களுடைய ஒன்றரை வயது மகளைத் தேடி ஒரு சொந்தமும் வரவில்லை. ஜீப்பில் என் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். அவள்தான் செல்வி. அவளை முறைப்படி எங்கள் பொறுப்பில் கேட்டு மனுப் போட்டிருந்த நேரத்தில்தான் அந்தக் கடிதம். மதுரையிலிருந்து ஆபீசர் வந்து வீட்டைப் பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் பிள்ளையை அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

எழுதியது யார் என்று தெருவுக்கே தெரியும். என் வீட்டுக்காரரின் அண்ணன். யாரோ பெற்ற பிள்ளைக்கு வீட்டில் பங்கு போய்விடுமாம்!

நான் வியாபாரியிடம் மூட்டை வாங்கி வீட்டில் காய் பொறுக்குகிறவள். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் பிழைப்பு. செல்வியை நான் ஒரு காய்கூடப் பொறுக்கச் சொன்னதில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு மூக்கம்மா அக்கா பயமுறுத்திவிட்டார்.

"மூட்டையக் கண்டா எழுதினது நெசம்னு நெனைச்சுருவாக ஆத்தா. வெரசா எங்க வீட்டுக்குக் கொண்டா."

மூட்டை, காய் புடைக்கிற சுளகு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனோம். சுண்ணாம்பு அடித்தோம். கட்டில் இரவல் வாங்கிப் போட்டோம். சொந்த வீட்டில் நான் திருடியைப் போல நடமாடினேன்.

ஆபீசர் வருகிற அன்று காலை காளியம்மன் கோயிலுக்குக் கும்பிடப் போனவள் சண்டை போட்டேன். "பெத்தவள எடுத்துக்கிட்ட. இப்ப என்னயும் பிரிக்கப் போறியா? ஒனக்குக் கண்ணு இல்லையா? ஒரு வழி காட்டு" என்று கத்தினேன். பூசாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆபீசரம்மா வந்தார். உள்ளே காலை வைத்தவுடனே மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"வீடு முழுக்க ஏலக்காய் வாசம்! காய் பொறுக்குறீங்களா?"

"இல்லைங்க."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்நேரமும் அதிலேயே கிடக்கிற எங்கள் மூக்குக்கு அந்த வாசம் தெரிவதே இல்லை. அத்தனை யோசனை சொன்ன மூக்கம்மா அக்காவுக்கும் தெரியவில்லை. ஆபீசரம்மாவின் முகம் இறுகியது.

"அப்ப எதை மறைக்கிறீங்க?"

என் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். அடுத்த நிமிடம் எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? அது என் தைரியம் இல்லை, காளியம்மன் கொடுத்தது.

"ஆமாங்க, பொறுக்குறேன்! ஒழைச்சுச் சாப்பிடுறது குத்தமா? மூட்டைய ஒளிச்சது எந் தப்பு. ஆனா பச்சப்புள்ளய வேலை வாங்குறேன்னு எழுதுச்சே, அந்தக் கை வெளங்குமா?"

அவர் கோபப்படவில்லை. "மூட்டையைக் கொண்டு வாங்க. எப்பவும் போல செய்யுங்க" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூக்கம்மா அக்கா வீட்டிலிருந்து மூட்டையைத் தூக்கிவந்து பொறுக்கினேன். செல்வி தினமும் செய்வதையே செய்தாள். முதுகில் தொங்கினாள். என் கண்ணைப் பொத்தினாள். பிரித்து வைத்த காயை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டு ஓடினாள். ஆபீசரம்மா அரை மணி நேரம் பார்த்தார். அவளைப் பிடித்து, வேலை செய்த தடம் இருக்கிறதா என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இவ வேலை செய்யலைம்மா. உங்களையும் செய்ய விட மாட்டேங்குறா."

தை மாதம் பிள்ளையை எங்கள் பொறுப்பிலேயே விட்டு உத்தரவு வந்தது. செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாயார் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள். நான் அழுததைப் பார்த்து வாத்தியார் பயந்துவிட்டார். அன்றிலிருந்து யாருக்காகவும் நான் எதையும் ஒளித்து வைப்பதில்லை.

சகோதரிகளே, மனசைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் அம்மனிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றெரிச்சலோடு போங்கள். கத்துங்கள். கேட்பாள். கடிதம் எழுதியவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதையும் நீயே எடுத்துவிடு தாயே என்று வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவசரமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன்.