பத்திரிகை வைக்கிற வரிசையில் ஒரு வெள்ள எச்சரிக்கை

எனக்கு வாய்த்த ஒரே வெளிநாட்டு உத்தியோகம் கோயமுத்தூரைத் தாண்டாமலே கிடைத்தது. இங்கே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் சிவில் பாடம் எடுக்கிறவன் நான். ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகமும் எங்கள் காலேஜும் சேர்ந்து வெள்ள எச்சரிக்கைத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தபோது, என்னை உள்ளூர் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு நாட்டுக் கொடியும் போட்ட அட்டை ஒன்று தந்தார்கள். அதைக் கழற்றாமலே மளிகைக் கடைக்குப் போய்க் கால் கிலோ உளுந்து வாங்கினேன். கடைக்காரர் அது என்னவென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

திட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், மலையை ஒட்டிய ஒரு சின்ன ஊருக்கு. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற ஓடையைப் பள்ளம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி ஒரு பள்ளம் ஊரைச் சுற்றிக்கொண்டு பாக்குத் தோப்புகளுக்குள் இறங்குகிறது. மலையில் அடித்துப் பெய்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்கு வந்துவிடும். ஊரில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. ஜப்பான்காரர்கள் மலைமேல் மழைமானி ஒன்றை நட்டார்கள். மழை அளவு மீறினால் என் போன் அலறும். நான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

தானாகவே எல்லார் போனுக்கும் செய்தி போகிற மாதிரி செய்துவிடலாமே என்றுதான் அவர்கள் முதலில் கேட்டார்கள். கெட்டிக்காரன் சும்மா இருப்பேனா? "எங்க ஆளுங்க மெசேஜெல்லாம் பாக்க மாட்டாங்க, மனுசக் குரல் கேக்கணும்" என்று ஒரே பிடியாக நின்று, போன் சங்கிலி ஒன்றை நானே உருவாக்கினேன். நான் முதல் ஆளைக் கூப்பிடுவேன், அவர் அடுத்தவரை, அவர் அதற்கடுத்தவரை. மொத்தம் எட்டு வீடு.

எட்டு வீட்டில் உண்மையிலேயே தண்ணீர் ஏறக்கூடியது ஒன்றே ஒன்று. பள்ளத்துக்கு அடுத்தாற்போல் இருந்த ஓட்டு வீடு. தோப்பு வேலைக்குப் போகிற ஒரு அம்மா, எழுந்து நடக்க முடியாத தன் மாமனாரை வைத்துக்கொண்டு அங்கே இருந்தார். வீட்டுக்காரர் பல்லடத்தில் தறி ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பெரியவரை மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக இருபது நிமிஷம் ஆகும் என்று ஜப்பான் குழுவோடு அளந்து குறித்திருந்தோம். ஆக, பத்து நிமிஷத்துக்குள் அந்த அம்மாவுக்குப் போன் போயாக வேண்டும். போகாவிட்டால் இரண்டு உயிர்.

இவ்வளவும் தெரிந்த நான் பட்டியலை எப்படி எழுதினேன் என்று கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கிற வரிசையில் எழுதினேன். முதலில், மேட்டில் மாடி வீடு கட்டியிருந்த பெரிய தோட்டத்துக்காரர். பிறகு கோயில் காரியம் பார்ப்பவர், பிறகு மாஜி வார்டு மெம்பர், இப்படி மரியாதை குறையாமல் இறங்கி, எட்டாவதாக அந்த ஓட்டு வீடு. நான் சூடு கண்ட பூனை. என் கல்யாணத்துக்கு, போகிற வழியில்தானே என்று சித்தப்பாவுக்கு முதல் பத்திரிகை வைத்துவிட்டோம். பெரியப்பா ஆறு வருஷம் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை.

ஒத்திகை நாளன்று, ஜப்பான் குழுவுக்குத் தலைமையாக வந்திருந்த பேராசிரியை அம்மா கையில் ஸ்டாப்வாட்சோடு அந்த ஓட்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் வாசலில் நின்று தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டேன். "கண்ணு, சாப்டாச்சுங்களா?" என்றார். ஆச்சுங்க என்றேன். அவரையும் கேட்டேன். வீட்டில் சௌக்கியமா என்று இரண்டு பேரும் விசாரித்துக்கொண்டோம். எடுத்த எடுப்பில் வெள்ளம் என்று எப்படிச் சொல்வது? கெட்ட சேதி இல்லையா? ஏழு வீட்டுக்காரர்களும் ஒருத்தரையொருத்தர் சாப்பிட வைத்து முடித்தபோது நாற்பத்தோரு நிமிஷம் ஆகியிருந்தது. ஓட்டு வீட்டில் போன் அடித்தது. அந்த அம்மா எடுத்து, "சொல்லுங்க, சாப்டீங்களா?" என்றார்.

பேராசிரியை சிரிக்கவில்லை. பட்டியலை வாங்கி, மேலே இருந்த பெயரில் விரலை வைத்து, சன்னல் வழியாக மேட்டு மாடி வீட்டைக் காட்டினார். விரலைக் கடைசி வரிக்கு இறக்கி, வெளியே பள்ளத்தைக் காட்டினார். ஏன் என்று இங்கிலீஷில் கேட்டார். வீட்டுக்கார அம்மா இரண்டு பேருக்கும் காப்பித் தண்ணி வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். "என்னங்க கேக்கறாங்க?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, ஊரு ரொம்ப அழகா இருக்குதாமா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அடுத்த வாரமே வரிசையை மாற்றிவிடுகிறேன் என்று பேராசிரியையிடம் வாக்குக் கொடுத்து விமானம் ஏற்றினேன். ஆனால் தோட்டத்துக்காரரிடம் நேரில் போய், நீங்கள் இனி முதல் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டுமே. வெறுங்கையோடு போக முடியுமா? ஆடி மாசத்தில் இந்தப் பேச்சை எடுக்கலாமா? அப்புறம் பரீட்சைப் பேப்பர் வந்தது. அப்புறம் எனக்குச் சளி. மூன்று மாசம் இப்படியே ஓடி, ஐப்பசி பிறந்தது.

ஒரு மத்தியானம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது போன் அலறியது. சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அந்த அவசரத்திலும் மரியாதையை விடவில்லை பாருங்கள், தோட்டத்துக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவர் சாப்பாட்டை விசாரித்தார். நான் பதில் சொன்னேன். அதன்பிறகுதான் மலையில் கனத்த மழை, தண்ணீர் வரப்போகிறது என்றேன்.

"ஏனுங்க, அதை எதுக்குங்க எங்கிட்டச் சொல்லிட்டு நிக்கறீங்க?" என்று அவர் சத்தம் போட்டார். "எங்க ஊட்டுக்கு எந்தக் காலத்துலீங்க தண்ணி ஏறியிருக்குது? பள்ளத்து ஊட்டுக்குச் சொன்னீங்களா இல்லீங்களா?"

மூன்று மாசமாக நான் பயந்து பயந்து காப்பாற்றிய மரியாதை அவருக்கு வேண்டியே இருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காரமடை தாண்டும்போது தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். டிராக்டர் அனுப்பினாராம், பள்ளத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடுகிறதாம், அந்த வீட்டை நெருங்க முடியவில்லையாம். "நீங்க பாத்து வாங்க கண்ணு" என்றார். நான் அந்த வண்டியில் அழுதுகொண்டேதான் போனேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மேட்டுப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெரியவர் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். மருமகள் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க கூப்டப்ப பாதி மேட்டுல இருந்தமுங்க. ரெண்டு கையும் மாமனாரைப் புடிச்சிருந்துச்சு, எடுக்க முடியலீங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. மலை கறுத்தா இவரைத் தூக்கிட்டு வந்துபோடறதுங்க. ஒத்திகைக்குப் பொறகு இது ஒம்பதாவது தடவைங்க. எட்டுத் தடவை தண்ணி வரலீங்க, திரும்பிப் போயிட்டமுங்க."

நான் எழுந்து நின்று, பட்டியல் என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். இனிமேல் முதல் போன் உங்களுக்குத்தான், இப்போதே மாற்றுகிறேன் என்றேன். அவர் மரியாதையாகச் சரிங்க என்றார். துண்டைப் பிழிந்தார். என்னைப் பார்க்காமல், எனக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற குரலில் பேசினார்.

"முதல்ல கூப்டாலும் பத்தாதுங்க. அளந்த அன்னிக்கு உங்க காலேஜுப் பசங்க ரெண்டு பேரு தூக்குனாங்க, இருவது நிமிஷங்க. நான் ஒருத்தி முதுகுல சொமந்துட்டு, எறக்கி எறக்கி வெச்சு வந்தா முக்கா மணி ஆகுதுங்க."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"அந்த ஜப்பான்காரம்மா அத்தனை தொலைவுல இருந்து வந்து, நோட்டுல எழுதிட்டிருந்தாங்களேங்க. ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட, நீங்க அளந்தது தப்புன்னு எப்படீங்க சொல்றது?"