ரைட் சொல்லாத கொண்டக்டர்

‘ரைட்’ என்ற சொல்லைக் கேட்டாலே அப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். கூரை ஒழுகுது என்றால் என் புருஷன் “ரைட்” என்பார். அரிசி முடிஞ்சிட்டு என்றாலும் “ரைட்”. ஓம் என்பதற்கும் அதுதான், கதையை நிப்பாட்டு என்பதற்கும் அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். மூத்தவன் வயிற்றில் இருந்தான். வலி வந்த அன்று அவர் வயலில் அறுவடைக்கு நின்றார். நானும் மாமியும் சவளக்கடையில் கல்முனை பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியிலேயே எனக்குத் தாங்க முடியவில்லை. கொண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவரிடம், “காக்கா, ஆஸ்பத்திரி வாசலுக்கே விடுங்க” என்றார்.

பஸ் தன் பாதையை விட்டுத் திரும்பி வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்த இரண்டு பெண்கள் என்னைத் தாங்கி இறக்கினார்கள்.

“நேரம் போகுது, ரைட்டைச் சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“அந்தப் புள்ள உள்ளுக்குப் போய்ச் சேரட்டும். அதுக்குப் பொறகுதான் சொல்லுவன்.”

கொண்டக்டர் ‘ரைட்’ சொல்லாமல் பஸ் நகராது. தாங்கி வந்த அந்த இரண்டு பெண்களும் என்னைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் திரும்பவும் பஸ்ஸுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் ஜன்னல் வழியாகக் கேட்டது: “ரைட்!”

எனக்கே சொன்னது போலிருந்தது. பயம் விட்டுப்போனது. அந்த மனிசனின் முகம் இப்போது நினைவில்லை. அந்தக் குரலுக்காக இன்றும் அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறேன்.

அன்று பின்னேரம் வயல் சேற்றோடு ஓடிவந்த என் புருஷன், பிள்ளையைப் பார்த்துப் பேச்சு வராமல் நின்றார்.

“ஒருக்கா ரைட் எண்டு சொல்லுங்களன்” என்றேன் நான்.