மருங்காபுரிப் பாறையில் மூன்று வண்டிகள்

அப்பாவின் ஜீப் எனக்கு வந்ததை அத்திம்பேரால் கடைசிவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் வண்டி அது. "இது சின்னவளுக்கு" என்று அப்பா உயிரோடிருந்தபோதே எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அப்பா போன பிறகு நான் அதை ஸ்ரீரங்கத்துக்கு ஓட்டி வந்தேன். அந்த வருடமே அத்திம்பேர் புத்தம்புதிய கறுப்பு ஜீப் ஒன்று வாங்கினார். கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்களைச் சேர்த்து ஒரு குழுவும் ஆரம்பித்தார்.

மருங்காபுரிப் பக்கம் ஒரு பொட்டல் மலை இருக்கிறது, அங்கே போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டது அக்காதான். அப்பா காரியத்துக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அதனால்தான் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடமலைப்பட்டி புதூரில் அக்கா வீட்டு வாசலில் சேர்ந்தோம். குழுவில் பலர் வருவதாகச் சொல்லிக் கடைசியில் நின்றுவிட்டார்கள். மூன்று வண்டிதான். முதலில் அத்திம்பேரும் அக்காவும். அடுத்தது தில்லைநகரில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர். கடைசியில் நான், தனியாக. ஆளுக்கு ஒரு வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். மதுரை ரோட்டில் ஏறியதுமே அதில் அத்திம்பேரின் குரல் வந்தது.

"மியூசியம் பீஸ், மியூசியம் பீஸ், கேக்கறதா? மூச்சு வாங்கினா சொல்லு, நிறுத்தறோம்."

டாக்டர் சிரிப்பதும் கேட்டது. நான் வாக்கி-டாக்கியின் சத்தத்தைக் குறைத்தேன். துவரங்குறிச்சியில் இட்லி சாப்பிட நிறுத்தியபோது அத்திம்பேர் டாக்டரிடம், "எங்க மாமனார் அந்த வண்டியை ஓட்டினதைவிடத் துடைச்சதுதான் ஜாஸ்தி" என்றார்.

"அவர் துடைச்சதாலதான் அது இன்னும் ஓடறது. நீங்கோ ஒரு வண்டி கைக்குப் பழகறதுக்குள்ள அடுத்ததை வாங்கிடறேள்" என்றேன்.

அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆரம்பிச்சுட்டியா?"

அவர் ஆரம்பித்ததை அவள் கேட்டிருந்தாள். ஆனாலும் என்னைத்தான் கேட்டாள். பாதி இட்லியை வைத்துவிட்டு எழுந்தேன்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் கொஞ்ச தூரம் சீமைக்கருவேல முள். அதற்கப்புறம் அதுவும் இல்லை. காய்ந்த காட்டாறு ஒன்றின் படுகை, முழுக்க உருண்டைக் கல். அதைத் தாண்டினால் மொட்டைப் பாறை ஏற்றம். என் வண்டியில் ஏசி கிடையாது. திறந்த ஜன்னல் வழியாக வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல இருந்தது. ஸ்டியரிங் கையைச் சுட்டது. லோ கியரில் மெதுவாக, ஒவ்வொரு கல்லாக ஏற்றி இறக்கிக்கொண்டு போனேன். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக எனக்குத் தெரிந்தது.

பாறையின் நடுவில் ஒரு இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் படிபோல் இருந்தது. எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். இடது பக்கம் படிக்குக் கீழே ஒரு பெரிய கல் முட்டுக் கொடுத்த மாதிரி கிடந்தது. சக்கரத்தை அதில் ஏற்றி மேலே போய்விடலாம் என்றார் அத்திம்பேர். நான் காலால் மிதித்துப் பார்த்தேன். கல் ஆடியது.

"இது ஆடறது அத்திம்பேர். வலது பக்கம் கொஞ்சம் சுத்து, ஆனா பாறை கெட்டியா இருக்கு."

"கணக்கு டீச்சர் எனக்கு ரோடு சொல்லித் தராளா?" என்று டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அக்காவிடம், "நீ ஏறு" என்றார்.

"அக்கா ஏற வேண்டாம். நடந்து மேல வரட்டுமே" என்றேன்.

"அவ என் ஆத்துக்காரி. எங்க உக்காரணும்னு நான் சொல்லிக்கறேன்."

அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

முன் சக்கரம் கல்லில் ஏறியதும் கல் புரண்டது. வண்டி அப்படியே இடது பக்கம் சரிந்து பாறை விளிம்பில் உட்கார்ந்தது. இரும்பு பாறையில் உரசிய சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. அடியிலிருந்து கறுப்பாக எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. ஆயில் சேம்பர் உடைந்திருந்தது. நான் ஓடிப்போய் அக்கா பக்கத்துக் கதவைப் பிடித்தேன்.

"கதவைத் தொடாதே!" என்று உள்ளேயிருந்து அத்திம்பேர் கத்தினார்.

நான் திறந்தேன். ஜன்னலில் இடித்து அவள் நெற்றி வீங்கிக்கொண்டிருந்தது. அவளை இறக்கிப் பாறை நிழலில் உட்காரவைத்து, தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து வைத்தேன். அத்திம்பேர் இறங்கி வந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"நீ பின்னாலேர்ந்து ஹாரன் அடிச்சே. அதான் கவனம் போயிடுத்து."

நான் வண்டியிலேயே இல்லை, பாறைமேல் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் என் பக்கத்தில்தான் நின்றார்.

"டாக்டர், சொல்லுங்க. நான் ஹாரன் அடிச்சேனா?"

அவர் தன் ஷூவைப் பார்த்தார். "அதெல்லாம் விடுங்க மேடம். இப்ப வண்டியை எடுக்கிற வழியைப் பார்ப்போம்."

டாக்டரின் வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். சக்கரம் வழுக்கி ரப்பர் நாற்றம்தான் வந்தது. மீதி இருந்தது அப்பாவின் ஜீப். அதில் கட்ட மாட்டேன், கிரேன் வரட்டும் என்றார் அத்திம்பேர். போனில் சிக்னல் இல்லை. டாக்டர் வேர்க்க விறுவிறுக்க மேட்டில் ஏறிப் பேசிவிட்டு வந்தார். தார் ரோடு வரைதான் கிரேன் வருமாம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாறை கீழிருந்து சுட்டது. பாட்டிலில் அடித்தண்ணீர்தான் இருந்தது.

அத்திம்பேர் கையை நீட்டினார். "சாவியைக் குடு. நானே ஓட்டி இழுக்கறேன்."

"என் வண்டியை நான்தான் ஓட்டுவேன். கயிறு கட்டறதுன்னா கட்டுங்கோ. இல்லேன்னா அக்காவை அழைச்சுண்டு நான் கிளம்பறேன். தலையில அடிபட்டிருக்கு."

"பொம்மனாட்டி இழுத்து என் வண்டி வெளில வரணும்னு இல்லை."

"அப்போ அது இங்கேயே கிடக்கட்டும்."

அதற்குள் அக்கா குறுக்கிட்டாள். "சாவியைக் குடுத்துடேன். உனக்கு எல்லாத்துலயும் ஜெயிச்சாகணும்."

நெற்றியில் என் துப்பட்டாவை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர்மேல் எனக்கு வராத கோபம் அப்போது அவள்மேல் வந்தது. உனக்கு மண்டை உடைந்திருந்தால்கூட நீ என்னைத்தான் திட்டியிருப்பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சாவியையும் கொடுக்கவில்லை. என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இன்ஜினைப் போட்டுக் காத்திருந்தேன். கடைசியில் டாக்டர்தான் கயிற்றை எடுத்து இரண்டு வண்டிக்கும் நடுவில் கட்டினார். அத்திம்பேர் தடுக்கவில்லை.

மெதுவாகப் பின்னால் எடுத்தேன். கயிறு விறைத்தது. ஜீப் முழுவதும் ஒருமுறை நடுங்கியது. பாறையைக் கீறிக்கொண்டு கறுப்பு வண்டி இறங்கி நின்றது. பிறகு அதை முன்பக்கமாகக் கட்டித் தார் ரோடு வரை இழுத்து வந்தேன். அக்கா டாக்டரின் வண்டியில் வந்தாள்.

ரோட்டில் கிரேன் காத்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம், என்னோட வா" என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் அவரோடயே வரேன். நீ போ" என்றாள். கிரேன் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், அத்திம்பேருக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள். வீங்கிய நெற்றியோடு.

ஸ்கேனில் அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்த விஷயமே ஒரு சித்தி மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சித்தியே அடுத்த கேள்வியையும் கேட்டாள். "நீ என்னமோ ஹாரன் அடிச்சுப் பயமுறுத்திட்டியாமே?" உறவு முழுக்க அந்தக் கதைதான் போயிருந்தது.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். நலம் விசாரித்தாள். பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சாரி சொல்லிடேன்."

"எதுக்கு?"

"எதுக்காவது."

"நான் ஹாரன் அடிக்கலைன்னு உனக்குத் தெரியும் இல்லையா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "அடுப்புல வேலை இருக்கு" என்றாள். நான் போனை வைத்தேன்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. அத்திம்பேர்மேல் இருந்த கோபம் பழகிப்போய்விட்டது, அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கிறது. அக்காமேல் இருப்பதுதான் தினமும் புதிதாக வருகிறது.