“விளங்கவில்லை, சேர்”

அம்மாக்கண்ணுவுக்கு ஆங்கிலம் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவளின் மகள். தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, பிறகு நாள்தோறும் நான்கு மைல் நடந்து மிஷன் பள்ளி. 1954இல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவச்சிப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது எழுத்துப் பரீட்சையில் அவளே முதல். பயிற்சி முடித்துத் தன் தோட்டத்துக்கே மருத்துவச்சியாகத் திரும்ப வேண்டும். அதற்குத்தான் வந்தாள். அவளுடைய அம்மா இரண்டு குழந்தைகளை மருத்துவச்சி இல்லாமல் பெற்று, இரண்டையும் இழந்தவள்.

முதல் விரிவுரையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பழகிய ஆங்கிலம் காதுக்குப் பழகவில்லை. ஸ்கொத்லாந்துக்கார டொக்டரம்மா சொற்களை விழுங்கி விழுங்கிப் பேசினார். இவள் முதல் சொல்லைப் பிடிப்பதற்குள் அவர் அடுத்த பக்கத்தில் இருந்தார். “விளங்குகிறதா?” என்று நடுநடுவே கேட்டார். ஒவ்வொரு முறையும் அம்மாக்கண்ணு எழுந்து, கைகட்டி, “யெஸ், டொக்டர்” என்றாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் வார்டில் டொக்டரம்மா ஏதோ சொல்லிவிட்டுப் போனார். இவள் “யெஸ், டொக்டர்” என்றாள். பிறகு நான்காம் கட்டில் பெண் பசிக்கிறது என்று கேட்க, ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அன்று அறுவை. ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. நல்லவேளை, மயக்க மருந்துக்கு முன்பே விஷயம் வெளிப்பட்டது.

“நான் சொன்னது உனக்கு விளங்கியதா?”

“யெஸ், டொக்டர்.”

“அப்படியானால் ஏன் கொடுத்தாய்?”

“யெஸ், டொக்டர்.”

டொக்டரம்மா கஞ்சிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். “ஆறு மாதத்தில் வாய்மொழிப் பரீட்சை. கேட்கவும் பேசவும் முடியாதவள் கையில் ஒரு தாயை ஒப்படைக்க மாட்டேன்” என்றார். அதைச் சொன்னபோது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கூடப் பயின்ற பெற்றீசியா நுவரெலியா டவுனில் ஓர் ஆசிரியரின் மகள். ஆங்கிலம் அவள் வாயில் வெல்லமாகக் கரையும்.

“ஏன் புள்ள, வெளங்கலேன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிரும்?”

“ஒனக்கென்ன, டவுன்காரி. எங்கப்பா ஒருவாட்டி பெரட்டுல தொரகிட்ட, ‘என்னங்க சொன்னீங்க’ன்னு கேட்டாரு. தலைக்கனம்னு சொல்லி மூணு நாள் வேல நிப்பாட்டிட்டாங்க. அதுலேருந்து எங்க வீட்டுல யாரும் எதையும் ரெண்டாந்தரம் கேக்கிறதில்ல.”

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து நூறு வருடங்களாகக் கற்றுக்கொடுத்த பாடம் இது. எஜமான் சொன்னது புரியாவிட்டால் குற்றம் கேட்டவனுடையது. இதற்கு அடக்கம் என்று பெயர் வைத்து, பண்பு என்று பாராட்டவும் ஆள் இருந்தது. அந்த அடக்கம் அன்று ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தது.

அம்மாக்கண்ணு தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை, சாமிக்கு நேர்ந்துகொள்ளவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் ஆங்கிலப் பிரசங்கம் நடக்கும். பென்சிலோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாச் சொல்லையும் பிடிக்கப் பார்க்காமல், பேச்சு எங்கே திரும்புகிறது என்று பார்த்தாள். ‘ஆனால்’ எங்கே வருகிறது, ‘ஆகையால்’ எங்கே வருகிறது, அதற்கு முன்னால் காரணம் எத்தனை. பாதிரியார் ஓர் ஆத்துமா கிடைத்ததென்று பூரித்தார். ஏழாம் வாரம், பிரசங்கத்தில் எது அவளைத் தொட்டது என்று ஆசையோடு விசாரித்தார்.

“நீங்கள் இரண்டு காரணம் சொன்னீர்கள், ஐயா. இரண்டாவது காரணத்திலிருந்து உங்கள் முடிவு வரவில்லையே.” அது அவள் முழுதாகப் பேசிய முதல் ஆங்கிலம். பாதிரியார் அதன்பின் அவ்வளவாகப் பூரிக்கவில்லை.

விரிவுரைக்கு ஒரு கேள்வி என்று பெற்றீசியா பந்தயம் வைத்தாள். அம்மாக்கண்ணு எழுந்து நின்றதும் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும். பெற்றீசியா பெஞ்சுக்கு அடியில் சேலையைப் பிடித்து இழுப்பாள். “கையக் கீழ போடு. கட்டினா தொண்டையும் சேந்து கட்டிக்குது.” வகுப்பு சிரித்தது. இரண்டு மாதம் சிரித்தது. அப்புறம் இவள் கேள்விக்குக் கிடைத்த பதிலை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பரீட்சைக்கு வெளியூர் டொக்டர் ஒருவர் வந்திருந்தார். தோட்டங்களில் சிசு மரணம் ஏன் அதிகம் என்று கேட்டார். பாடக்குறிப்பில் விடை இருந்தது: தாய்மாரின் அறியாமை, அசுத்தம். அதைச் சொன்னால் தேர்ச்சி.

“அறியாமை ஒரு காரணம், சேர். ஆனால் அது முதல் காரணமல்ல” என்று தொடங்கினாள். வலி எடுக்கும்வரை கூடையோடு மலையேற வைப்பது முதல் காரணம். இருபத்துநான்கு காம்பராவுக்கு, அதாவது இருபத்துநான்கு குடும்பத்துக்கு, ஒரு குழாய் இரண்டாவது. ஏழு மைலுக்குள் மருத்துவச்சி இல்லாதது மூன்றாவது.

அவர் பேனாவைக் கீழே வைத்து, ஏதோ வேகமாகச் சொல்லிச் சிரித்தார்.

“விளங்கவில்லை, சேர். திரும்பச் சொல்லுங்கள்.”

“நீ மருத்துவச்சியா, தொழிற்சங்கக்காரியா என்று கேட்டேன்” என்றார். ஏளனத்தை இரண்டாம் முறை நிதானமாகச் சொல்ல வேண்டி வந்தால் அதில் சிரிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

“நீங்கள் காரணம் கேட்டீர்கள். காரணம் சொல்கிறேன், சேர்.”

தேர்ச்சி கொடுத்தார்கள். சான்றிதழோடு போன குறிப்பில் ‘அளவுக்கு மீறிப் பேசுபவள்’ என்றும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அவளுடைய தோட்டத்துத் துரை, இடமில்லை என்று தெரிவித்தார். வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்று அவளை எடுத்துக்கொண்டது. அந்த வருடம் அவள் பிறந்த லயத்தில், அந்த ஒரே கூரைத் தொழிலாளர் வரிசையில், மூன்று பிரசவம். மூன்றையும் பக்கத்துக் காம்பராப் பெண்கள்தான் பார்த்தார்கள். ஒரு குழந்தை தங்கவில்லை.

அந்தச் செய்தி வந்த வாரம் விடுப்பெடுத்து பஸ் ஏறினாள். தோட்ட ஆபீசில் தொழிலாளர் பேசுவது வெளியே நின்று, ஜன்னல் வழியாக. அம்மாக்கண்ணு கதவு வழியாகப் போனாள்.

“நீ யாரு? என்னா வேணும்?” என்றார் துரை, தோட்டத்துத் தமிழில்.

ஆங்கிலத்தில் சொன்னாள்: பெயர், படிப்பு, அந்த வருடத்து மூன்று பிரசவங்கள், அவற்றில் தங்காத ஒன்று. நிறுத்தி, வரிசையாக. துரை ஆங்கிலத்துக்கு மாறினார்.

“யோசித்து அறிவிக்கிறேன்.”

“எந்தத் தேதிக்குள், சேர்?”

அவர் வாசலைக் காட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் கண்டாக்கையா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாக்கண்ணு நகரவில்லை.

துரை நாட்காட்டியை இழுத்துத் தாளைப் புரட்டினார். “அடுத்த மாதம் முதலாம் தேதிக்குள் பதில் சொல்கிறேன்” என்றார். அவள் அதை எழுதிக்கொண்டாள்.